பாரதி விழா தெரியும்... செல்லம்மாள் விழா? கவிஞரின் மனைவிக்கும் புதுக்கோட்டைக்கும் என்ன தொடர்பு?

டிசம்பர் 11 வந்தால் புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, மையால் வரைந்த முறுக்கு மீசை. ஒண்ணாம் வகுப்புப் பையன் முதல் பிளஸ் டூ மாணவிகள் வரை, மாறுவேடப் போட்டியில் குறைந்தது நாலு பாரதியாவது நிற்பார்கள். மேடையில் ஒப்புவித்தல் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் அல்லது புத்தகம். செப்டம்பர் 11 நினைவு நாளிலும் இதே கதைதான்.

அந்த வரிசையில் செல்லம்மாளாக வேடம் போட்டு வரும் குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? ரொம்ப அபூர்வம்.

பாரதியின் மனைவி யார் என்று கேட்டால் பலருக்கும் உடனே ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, 2000-ல் வந்த 'பாரதி' படத்தில் தேவயானி. இன்னொன்று, அந்தக் குருவிக் கதை. சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்கு வீசிவிட்டார் பாரதி. விழா மேடைகளில் இதைச் சொன்னதும் கூட்டம் சிரிக்கும், கைதட்டும். அடுத்த படி அரிசிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அடுக்களையில் நின்று யோசித்தவரைப் பற்றி அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஆனால், பாரதியின் பாடல்கள் புத்தகமாக வந்து, தடை செய்யப்பட்டு, விற்கப்பட்டு, பொதுச் சொத்தாகி, ஒன்றரை ரூபாய்க்குக் கடைத்தெருவுக்கு வந்த நீண்ட கதையின் தொடக்கத்தில் நிற்பவர் செல்லம்மாள்தான். அந்தக் கதையில் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களும் முக்கியமான இடங்களில் வருகிறார்கள்.

7 வயதில் கல்யாணம்

செல்லம்மாள் பிறந்தது 1890-ல், இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையத்தில். 1897 ஜூன் 27 அன்று பாரதிக்கும் அவருக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 14 வயது. பெண்ணுக்கு 7.

அந்தக் காலத்தில் அது வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க புதுக்கோட்டையிலேயே ஒருவர் இருக்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், செல்லம்மாளைவிட நாலு வயது மூத்தவர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகச் சேர்ந்து படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிற்பாடு சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவராகி, பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று குரல் கொடுத்தார். 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14 என்று நிர்ணயித்தது. அந்தச் சட்டம் வருவதற்குள் செல்லம்மாள் கல்யாணமாகி, இரண்டு பெண்களைப் பெற்று, கணவரையும் இழந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தது 1904-ல். இளைய மகள் சகுந்தலா பிறந்தது 1908-ல். அதே 1908-ல்தான் 'இந்தியா' பத்திரிகை மீது ஆங்கிலேய அரசு நடவடிக்கை எடுக்க, பாரதி புதுச்சேரிக்குத் தப்பிப் போனார். கையில் பச்சைக் குழந்தை, கணவர் பிரெஞ்சு எல்லைக்குள், வீட்டைச் சுற்றி உளவாளிகள். இதில் செல்லம்மாளுக்கு வயது 18.

அங்கே பத்து வருடம். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் பாரதி கைதாகி கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பரில் விடுதலை. பிறகு குடும்பம் போய்ச் சேர்ந்தது செல்லம்மாளின் பிறந்த ஊரான கடையத்துக்கு. மாமியார் வீட்டு ஊரில் மருமகன் தங்கினால் என்ன பேச்சு வரும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜாதி ஆசாரங்களை மதிக்காத மருமகன் என்றால் இன்னும் கூடுதல். அந்தப் பேச்சையெல்லாம் முதலில் கேட்க வேண்டியிருந்தது அந்த ஊர்ப் பெண்ணான செல்லம்மாளுக்குத்தான்.

1921 செப்டம்பரில், சென்னை திருவல்லிக்கேணியில் பாரதி இறந்தார். வயது 38. செல்லம்மாளுக்கு 31.

ஸ்காட்லாந்தில் இன்னொரு 31 வயது விதவை

இந்த இடத்தில் ஒரு வெளிநாட்டுக் கதை. ஸ்காட்லாந்து மக்கள் தங்கள் தேசியக் கவிஞராகக் கொண்டாடுபவர் ராபர்ட் பர்ன்ஸ். நம்மூரில் பாரதி எப்படியோ அங்கே அவர் அப்படி. ஏழை விவசாயக் குடும்பம், மக்கள் பேசும் மொழியில் பாட்டு, சமத்துவம் பேசிய வரிகள், 37 வயதில் மரணம்.

அவரது மனைவி ஜீன் ஆர்மர். கல்லில் வேலை செய்யும் கொத்தனாரின் மகள். பர்ன்ஸைக் கட்டிக்கொடுக்க அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. 1796-ல் பர்ன்ஸ் இறந்தபோது ஜீனுக்கும் வயது 31. கணவரின் இறுதி ஊர்வலத்துக்குக்கூட அவரால் போக முடியவில்லை. காரணம், அன்றைக்குத்தான் அவருக்குப் பிரசவம். ஒன்பது குழந்தைகளைப் பெற்றவர், வேறொரு பெண்ணிடம் பர்ன்ஸுக்குப் பிறந்த மகளையும் தன் வீட்டிலேயே வளர்த்தார். அதன்பிறகு 1834 வரை, 38 வருடங்கள் விதவையாக, அதே டம்ஃப்ரீஸ் நகரத்து வீட்டில் வாழ்ந்தார்.

பர்ன்ஸ் பெயரில் உலகம் முழுக்க சங்கங்கள் இருக்கின்றன. முதல் சங்கம் 1801-ல் கிரீனக் என்ற துறைமுக ஊரில் தொடங்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1885-ல் எல்லாச் சங்கங்களையும் சேர்த்து ஒரு கூட்டமைப்பே உருவானது. ஜனவரி 25, பர்ன்ஸ் பிறந்தநாள் அன்று இரவு விருந்து. ஆட்டின் உள்ளுறுப்புகளை ஓட்ஸோடு சேர்த்துச் சமைக்கும் 'ஹேகிஸ்', பாட்டு, பேச்சு. வேடிக்கை என்னவென்றால், பெண்களைப் பாராட்டி ஒரு உரை அந்த விருந்தில் கட்டாயம் உண்டு. ஆனால் நீண்ட காலம் பல சங்கங்களில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. பாராட்டைக் கேட்க வேண்டியவர்கள் வெளியே.

அதற்குப் பதில்போல வந்தவைதான் ஜீன் ஆர்மர் பெயரில் நடக்கும் சங்கங்களும் விருந்துகளும். அவரது பிறந்தநாளான பிப்ரவரி 25-ஐ ஒட்டி விருந்து நடத்துகிறார்கள். அவர் பிறந்த மாக்லின் ஊரில் முதியவர்கள் தங்குவதற்கான வீடுகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். டம்ஃப்ரீஸில் பர்ன்ஸுக்குச் சிலை வைத்தது 1882-ல். நம் பாரதி பிறந்த அதே வருடம். அதே ஊரில் ஜீனுக்குச் சிலை வந்தது 2004-ல். நடுவில் 122 வருடங்கள்.

இரண்டு பெண்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பர்ன்ஸ் இறந்ததும் நண்பர்கள் பணம் திரட்டினார்கள். 1800-ல் ஜேம்ஸ் கரி என்ற டாக்டர், பர்ன்ஸின் எழுத்துகளை நாலு பாகமாகத் தொகுத்து வெளியிட்டார். அதன் வருமானம் ஜீனுக்கும் குழந்தைகளுக்கும். புத்தகத்தை வேறொருவர் போட்டார், பலன் குடும்பத்துக்குப் போனது.

செல்லம்மாளுக்கு அப்படி ஒரு டாக்டர் கரி கிடைக்கவில்லை. அவரே பதிப்பாளர் ஆனார்.

'பாரதி ஆச்ரமம்' என்ற பதிப்பகம்

பாரதி இறந்த மறுவருடம், 1922-ல், திருவல்லிக்கேணியில் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார் செல்லம்மாள். அவருடைய சகோதரர் அப்பாதுரை துணை நின்றார். அந்தப் பெயரில் பாரதியின் 'சுதேச கீதங்கள்' இரண்டு பாகங்களாக வந்தன.

இன்றைக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். 1922-ல் ஒரு விதவை, முறையான படிப்பு இல்லாதவர், அச்சகத்துக்குக் காகிதம் வாங்கி, புரூஃப் பார்க்க ஆள் பிடித்து, அரசாங்கம் சந்தேகக் கண்ணோடு பார்த்த ஒருவரின் பாட்டுகளைப் புத்தகமாகப் போடுவது எப்படிப்பட்ட காரியம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விதவைகள் வாசலுக்கு வருவதையே சகுனத் தடையாகப் பார்த்த காலம் அது.

பதிப்பகம் ரொம்ப நாள் ஓடவில்லை. புத்தகம் போடப் பணம் வேண்டும், விற்ற பணம் வந்து சேர வேண்டும், நடுவில் வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும். அடுத்து, பாரதியின் மாற்றாந்தாய் மகனான தம்பி சி.விசுவநாதன், சகுந்தலாவின் கணவர் நடராஜன், ஹரிஹர சர்மா ஆகியோர் சேர்ந்து 'பாரதி பிரசுராலயம்' தொடங்கினார்கள். பாரதியின் எழுத்துகள் வரிசையாக வெளிவந்தது அதன் மூலம்தான். 1931-ல் பாரதி நூல்களின் உரிமை முழுவதையும் செல்லம்மாள் விசுவநாதனுக்கு எழுதிக் கொடுத்தார். தொகை, 4,000 ரூபாய்.

குறைந்த விலைக்கு விற்றுவிட்டார் என்று பிற்காலத்தில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. வருத்தப்படுவது சுலபம். கடனும் குடும்பச் செலவும் கழுத்தை நெரிக்கும்போது, வீட்டில் விற்பதற்கு வேறு என்ன இருந்தது?

திருமயத்துக்காரர் சட்டமன்றத்தில் போட்ட சத்தம்

இந்தக் கதைக்குள் புதுக்கோட்டை நுழைவது 1928-ல்.

அந்த வருடம் முதலில் பர்மா அரசாங்கமும், அதைப் பின்பற்றி சென்னை அரசாங்கமும் 'சுதேச கீதங்கள்' மீது கை வைத்தன. தேசத்துரோகம் என்று காரணம் சொல்லி, போலீஸ் புத்தகப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. ஆறு வருடங்களுக்கு முன்னால் செல்லம்மாள் துணிந்து போட்ட அதே 'சுதேச கீதங்கள்'தான்.

அக்டோபரில் சென்னை சட்டமன்றத்தில் இதை எழுப்பி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தவர் எஸ்.சத்தியமூர்த்தி. 'தீரர்' சத்தியமூர்த்தி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1887-ல் அவர் பிறந்தது திருமயத்தில். கோட்டையும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் இருக்கிற அதே திருமயம். நாட்டுப்பற்றைப் பாடியதற்காக ஒரு கவிஞனின் புத்தகத்தைப் பறிமுதல் செய்வதா என்ற கேள்வியில் அன்று அவை சூடானது. தீர்மானம் நிறைவேறியது. தடையும் பின்னால் விலகியது.

அதே அவையில் அப்போது துணைத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன முத்துலட்சுமி ரெட்டி. தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை மண்ணில் பிறந்த இரண்டு பேர், பிரிட்டிஷ் இந்தியாவின் சென்னை சட்டமன்றத்தில், பாரதியின் புத்தகத்துக்காக அவை கொதித்த காலத்தில் உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்கள்.

ராயவரத்துக்காரர் போட்ட புத்தகம்

அடுத்த தொடர்பு, செல்லம்மாளோடு இன்னும் நேரடியானது.

திருமயம் வட்டத்தில் இருக்கிறது ராயவரம். செட்டிநாட்டு வீடுகள் நிறைந்த ஊர். 1912-ல் அங்கே பிறந்தவர் வை.கோவிந்தன். நகரத்தார் குடும்பத்துப் பையன்கள் வட்டித் தொழிலுக்குக் கப்பலேறிய காலம். அவரும் பர்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்தான். ஆனால் கையிலிருந்த காசைப் போட்டது புத்தகத்தில். 1939-ல் 'சக்தி' பத்திரிகையும் சக்தி காரியாலயமும் ஆரம்பமாயின. அதனால் அவர் பெயரே 'சக்தி' வை.கோவிந்தன் என்று நிலைத்துவிட்டது. தி.ஜ.ர., கு.அழகிரிசாமி போன்றவர்கள் வேலை பார்த்த இடம் அது. கட்டமைப்பும் அச்சும் அவ்வளவு நேர்த்தி என்று பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் இன்றைக்கும் சக்தி வெளியீடுகளைத் தேடி அலைவார்கள்.

1941-ல் அந்த சக்தி காரியாலயம் ஒரு புத்தகம் வெளியிட்டது. 'தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்'. எழுதியவர் பெயர், செல்லம்மா பாரதி.

பாரதியைப் பற்றி அவர் மனைவியே சொன்ன வாழ்க்கை வரலாறு. பாரதியோடு பழகியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வ.ரா. எழுதினார், யதுகிரி அம்மாள் எழுதினார், கனகலிங்கம் எழுதினார். அவர்கள் பார்த்தது திண்ணையிலும் கடற்கரையிலும் கூடத்திலும் இருந்த பாரதியை. செல்லம்மாள் 24 வருடம் கூடவே இருந்து பார்த்தவர். இன்றைக்கு மேடைகளில் சுற்றி வரும் பல கதைகளின் வேர் அந்தக் கூடவே இருந்தவரின் நினைவில்தான் இருக்கிறது. ஆனால் கதை சொன்னவரின் பெயர் எங்கேயோ வழியில் உதிர்ந்து போய்விடுகிறது.

அதுதான் இங்கே உண்மையான சிக்கல். செல்லம்மாள் என்றால் பொறுமையாகக் கஷ்டப்பட்டவர் என்ற ஒரே படம்தான் நிலைத்திருக்கிறது. பதிப்பித்தவர், எழுதியவர், உரிமைப் பேச்சில் கையெழுத்துப் போட்டவர் என்ற படம் எடுபடவில்லை.

பாட்டு யார் சொத்து?

1940-களில் விஷயம் சினிமாவுக்குள் போனது. பாரதி பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமையை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் வாங்கி வைத்திருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை எங்களிடம் என்று ஏவி.எம். தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. பாரதி பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று தமிழ்நாட்டில் பெரிய விவாதம்.

1948-ல் வ.ரா. தலைமையில் 'பாரதி விடுதலைக் கழகம்' உருவானது. ஒரு கவிஞனின் எழுத்தை விடுவிக்க ஒரு சங்கம். அதன் சார்பில் நாரண துரைக்கண்ணன் உள்ளிட்டோர் திருநெல்வேலிக்குப் போய்ப் பார்த்தது யாரை? செல்லம்மாளைத்தான். உரிமை அவர் கையைவிட்டுப் போய் 17 வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் அவர் சரி என்று சொல்லாமல் அந்தக் கோரிக்கைக்குக் கனம் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒப்புதல் கொடுத்தார்.

1949 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஏவி.எம். பணம் எதுவும் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். 1955-ல் அந்த உரிமையை அரசாங்கமும் விட்டுவிட, பாரதி எழுத்து எல்லோருக்கும் பொதுவானது. ஒரு எழுத்தாளரின் படைப்பை அரசு வாங்கி மக்களுக்குக் கொடுப்பது அன்றைக்குப் புதுமை. தமிழ்நாட்டில் பின்னர் வழக்கமாகிவிட்ட 'நாட்டுடைமை' என்பதற்கு முன்னோடி இதுதான்.

இதன் பலனை முதலில் உருப்படியாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர், மறுபடியும், நம்ம ராயவரத்துக்காரர். 1957-ல் 'சக்தி' கோவிந்தன் பாரதியார் கவிதைகள் முழுத் தொகுப்பையும் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். விலை ஒன்றரை ரூபாய். பாரதி கவிதைத் தொகுப்பு சாதாரண வீட்டு அலமாரிக்குள் போனது இப்படித்தான். அவர் அதில் பெரிய லாபம் பார்த்தவரில்லை. தமிழ்ப் பதிப்புலகத்தில் நல்ல புத்தகம் போட்டுக் கை நொடித்துப் போனவர்கள் பட்டியலில் அவருக்கும் இடம் உண்டு. 1966-ல் காலமானார்.

செல்லம்மாள் அந்த ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. 1955-லேயே மறைந்துவிட்டார்.

திருச்சி வானொலியில் ஒரு குரல்

அதற்கு நாலு வருடம் முன்னால், 1951-ல், திருச்சி வானொலி நிலையம் அவரைப் பேச வைத்தது. தலைப்பு, 'என் கணவர்'. ஒரு மேதைக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு சிரமம் என்பதை ஒளிவு மறைவில்லாமல் சொன்ன பேச்சு அது. புகழ்ச்சி இருக்கிறது, பாசம் இருக்கிறது. ஆனால் அடுக்களைக் கவலைகளை அவர் மூடி மறைக்கவில்லை. வறுமையில் வாழ்ந்த பெண்ணை வீர மனைவியாக்கிப் பூப்போட்டு ஒதுக்கும் மேடைப் பேச்சுகளைவிட அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவோ மேல்.

1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாகியிருந்த நேரம் அது. தனி மாவட்டம் ஆனது 1974-ல்தான். ஆக, புதுக்கோட்டைப் பக்கம் ரேடியோப் பெட்டி வைத்திருந்த வீடுகளுக்கு அது சொந்த ஊர் நிலையம்.

பாரதியின் அசல் புகைப்படங்கள் என்று இன்று கிடைப்பவை அஞ்சே அஞ்சுதான். அதில் இரண்டில் செல்லம்மாள் இருக்கிறார். இரண்டும் புதுச்சேரியில் எடுத்தவை. இன்னும் இரண்டு படங்கள் 1919-ல் காரைக்குடியில், இந்து மதாபிமான சங்கத்துக்கு பாரதி வந்தபோது எடுக்கப்பட்டவை. புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணத்தில் போய்விடலாம். ஒரு உள்ளூர்ச் சங்கம் நினைத்ததால்தான் அந்த இரண்டு படங்களும் நமக்குக் கிடைத்தன.

இப்போது என்ன நடக்கிறது?

எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் 1947-லேயே வந்துவிட்டது. செல்லம்மாள் பக்கம் கவனம் திரும்ப ரொம்ப காலம் ஆனது. கல்யாணமாகி 125 வருடம் நிறைந்த 2022-ல், 'சேவாலயா' தொண்டு நிறுவனத்தின் முயற்சியில், கடையத்தில் பாரதியும் செல்லம்மாளும் சேர்ந்து நிற்கும் சிலை வைக்கப்பட்டது. சிலை ஊர் ஊராக ரதத்தில் கொண்டு செல்லப்பட்டது. அங்கேயே செல்லம்மாள் பெயரில் ஒரு கற்றல் மையமும் உண்டு. பாரதியைத் தனியாகப் பார்த்தே பழகிய கண்களுக்கு, பக்கத்தில் அவர் மனைவியும் நிற்பது புதுசு.

புதுக்கோட்டையில் இலக்கியக் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. மாதாமாதம் கூடும் 'வீதி' கலை இலக்கியக் களம் இருக்கிறது, முற்போக்கு எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், கம்பன் விழா இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் பார்த்துக் கேலி செய்தவர்களே கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்ட கதையை இங்கே 50 வயதைத் தாண்டிய எந்த அக்காவிடம் கேட்டாலும் சொல்வார்.

திருக்கோகர்ணத்தில் உள்ள 'ஞானாலயா' நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய முதல் பதிப்புகளுக்கும் இதழ்களுக்கும் பேர்போன, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் கொண்ட தனியார் நூலகம். ஆராய்ச்சி மாணவர்கள் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வருகிற இடம். அதை உருவாக்கியவர்கள் பா.கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி. இங்கே மனைவியின் பெயரை விட்டுவிட்டு யாரும் அந்த நூலகத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

செல்லம்மாள் விழா நடத்த என்ன வேண்டும்?

பெரிய செலவு எதுவும் இல்லை. ஸ்காட்லாந்துச் சங்கங்கள் ஹேகிஸ் வைத்துக்கொள்கின்றன. இங்கே ஒரு டீயும் சுண்டலும் போதும். நாள் வேண்டுமென்றால் ஜூன் 27 இருக்கிறது. ஆனால் 7 வயதுக் குழந்தையின் கல்யாண நாளைக் கொண்டாடுவதா என்று யாராவது எழுந்து கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊரில் அந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். குழந்தைத் திருமணம் பற்றியே அன்றைக்கு ஒரு கூட்டம் வைத்தால்கூடப் பொருத்தமாக இருக்கும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, டிசம்பர் 11 பேச்சுப் போட்டித் தலைப்புகளில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஆச்சு. 'பாரதி கண்ட புதுமைப்பெண்' என்ற தலைப்பில் பேசிப் பேசி ஆசிரியர்களுக்கே அலுத்துவிட்டது. 1922-ல் பதிப்பகம் நடத்திய பெண்ணைப் பற்றிப் பேசு என்றால், பிள்ளைகள் கூகுளில் தேடியாவது புதுசாக நாலு விஷயம் தெரிந்துகொள்வார்கள்.

புத்தகம் போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த மறு வருடத்திலிருந்து கணக்கிட்டு 60 வருடம் வரைதான் உரிமை. செல்லம்மாள் இறந்தது 1955-ல். அவர் எழுத்துக்கான அந்தக் காலம் 2015 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ராயவரத்துக்காரர் 1941-ல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடித்து, புதுக்கோட்டைப் பள்ளிகளில் பரிசாகக் கொடுக்க இனி யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. அச்சுக்கூலி மட்டும்தான் செலவு. எவர்சில்வர் டம்ளரைவிடக் கொஞ்சம் கூட ஆகலாம்.